ஊர் திரும்பும் முன் கடைசி மாதங்கள்: பயணம் பற்றித் தம்பதிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு, ஊர் திரும்பும் தேதியையும் முடிவு செய்துவிட்ட தம்பதிகளுக்காக எழுதியது இது. மிச்சமிருக்கும் மாதங்களில் முடிந்தவரை சுற்றிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வருகிறது. எனக்கும் என் கணவருக்கும் வந்தது. அதன்பின் இதே கட்டத்தில் இருக்கும் நண்பர்கள் எங்களிடம் கேட்ட கேள்விகளையும், நாங்கள் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். விசா, வரி விதிகள் அடிக்கடி மாறுபவை. டிக்கெட் எடுக்கும் முன் அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் மிக நீளமாக இருக்கிறது. எதை வைப்பது, எதை விடுவது?

ஒவ்வொரு இடத்துக்கும் நேரே ஒரே ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள்: ‘ஊர் திரும்பிய பிறகு இங்கே வருவது இப்போதைவிடக் கடினமா?’ கடினம் என்றால் அது பட்டியலில் இருக்கட்டும். இப்போதும் அப்போதும் ஒன்றுதான் என்றால், எவ்வளவு புகழ்பெற்ற இடமாக இருந்தாலும் அடித்துவிடுங்கள்.

இப்படிப் பார்த்தால் பட்டியலின் முகமே மாறிவிடும். உலகப் புகழ்பெற்ற தலைநகரங்களுக்கு எந்த நாட்டிலிருந்தும் விமானம் உண்டு. பத்து வருடம் கழித்தும் போகலாம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலிருந்து மூன்று மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் சிற்றூருக்கோ, அடுத்த மாவட்டத்து ஏரிக்கோ, ‘எப்போது வேண்டுமானாலும் போகலாம்’ என்று தள்ளிப்போட்ட தீவுக்கோ, கடல் தாண்டி யாரும் மெனக்கெட்டு வரமாட்டார்கள். கடைசி மாதங்கள் அந்த இடங்களுக்கு உரியவை என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றும் கவனியுங்கள். குடியிருப்பவருக்கு மட்டும் கிடைக்கும் சலுகைகள் சில உண்டு. ஐரோப்பாவில் வசிப்பவர்கள் வாங்கும் ரயில் பாஸ் இன்டர்ரெயில். வெளியிலிருந்து வருபவர்களுக்கு யூரெயில். கலாபகோஸ் தீவுகளிலும் கென்யாவின் தேசியப் பூங்காக்களிலும் உள்நாட்டில் வசிப்பவர்களுக்கு நுழைவுக் கட்டணம் குறைவு. ஜப்பானில் நிலைமை தலைகீழ். ஜப்பான் ரெயில் பாஸ் குறுகிய காலச் சுற்றுலாப் பயணியாக வரும் வெளிநாட்டவருக்கானது. அங்கே வேலை விசாவில் இருப்பவருக்குக் கிடையாது. ஆகவே ஜப்பானில் வசிக்கும் தம்பதிகள் நாடு முழுக்க ரயிலில் சுற்றும் ஆசையைப் பின்னொரு நாள் விருந்தினராக வரும்போது தீர்த்துக்கொள்வதே மேல்.

எவ்வளவு முன்னதாகத் திட்டமிட வேண்டும்?

ஆறு மாதம் இருந்தால் நல்லது. அதில் பயணத்துக்கென்று முழுதாகக் கிடைக்கப்போவது பாதிதான். மற்ற பாதியை வீட்டு ஒப்பந்தம், சாமான், அலுவலக ஒப்படைப்பு, ஆவணங்கள் எல்லாம் எடுத்துக்கொள்ளும். முதலில் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். பல நாடுகள் நுழையும் நாளிலிருந்து இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டைக் கேட்கின்றன. புதுப்பிக்க வேண்டியிருந்தால் இப்போதே தூதரகத்தில் கொடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட் அங்கே கிடக்கும் வாரங்களில் உள்நாட்டுப் பயணங்களை முடித்துக்கொள்ளலாம்.

வசிப்பு அனுமதி இருக்கும்போதே வெளிநாடுகளுக்குப் போய்வர வேண்டுமா? அனுமதி முடிந்த பிறகு போனால் என்ன?

பயணத்தின் வரிசையை முடிவு செய்வது வசிப்பு அனுமதி என்ற இந்த ஒரு அட்டைதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வசிப்பு அனுமதி கையில் இருக்கும்போது அது பக்கத்து நாடுகளின் கதவையும் திறக்கிறது. தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் போய்வர வழிசெய்த ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் ஒப்பந்தத்தில் இப்போது 29 நாடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் வசிப்பு அனுமதி இருந்தால் மற்ற 28 நாடுகளிலும் எந்த 180 நாள் இடைவெளியை எடுத்தாலும் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் தங்கலாம். அனுமதி கொடுத்த நாட்டில் நீங்கள் இருக்கும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. துருக்கியும் அப்படி உதவும் நாடு: ஷெங்கன், அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து இவற்றில் ஒன்றின் விசாவோ வசிப்பு அனுமதியோ இருந்தால் பல நாட்டவர்களுக்கு எளிய மின்-விசா தருகிறது. அட்டை காலாவதியான மறுநாள் இந்த வசதிகள் எல்லாம் போய்விடும். விசா தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்த இழப்பு பெரியது. வேறு விசா இல்லாத பட்சத்தில் அனுமதி முடியும் நாளுக்குள் ஷெங்கன் எல்லையைத் தாண்டியிருக்கவும் வேண்டும்.

எனவே வரிசை இப்படி அமையட்டும்: அட்டையின் தயவால் போகக்கூடிய நாடுகள் முதலில், தனி விசா எடுத்துத்தான் போக வேண்டிய நாடுகள் அடுத்து, அவற்றுக்கு விண்ணப்பிப்பதும் நீங்கள் வசிக்கும் நாட்டிலிருந்தே, எல்லோருக்கும் விசா இல்லாமல் திறந்திருக்கும் நாடுகள் கடைசியில். பல தூதரகங்கள் சட்டப்படி வசிப்பவரின் விண்ணப்பத்தைத்தான் ஏற்கும். வேலைச் சான்றும் சம்பளச் சீட்டும் கையில் இருக்கும்போது விண்ணப்பிப்பதற்கும், வேலையை விட்டுவிட்டு விண்ணப்பிப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

ஷெங்கன் எல்லைகளில் 2025 அக்டோபர் 12 முதல் கட்டம் கட்டமாகக் கணினிப் பதிவு முறை வந்திருக்கிறது. குறுகிய காலம் தங்க வருபவர்களின் கைரேகையும் முகப்படமும் பதிவாகி, 90 நாள் கணக்கைக் கணினியே வைத்துக்கொள்கிறது. வசிப்பு அனுமதி உள்ளவர்கள் அதற்குள் வரமாட்டார்கள். ஆனால் அனுமதி முடிந்து விருந்தினராகத் திரும்ப நுழையும் நாளிலிருந்து நீங்களும் அந்தக் கணக்கில் உண்டு.

வேலையை விட்ட பிறகு எத்தனை நாள் அந்த நாட்டில் இருக்கலாம்?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்கு வேலை முடிந்த நாளிலிருந்து 60 நாள் வரை, அல்லது எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 நுழைவுப் பதிவு முடியும் நாள் வரை, இரண்டில் எது முந்தி வருகிறதோ அதுவரை அவகாசம். அந்த அவகாசத்தின் நடுவே நாட்டுக்கு வெளியே போனால், அதை வைத்துக்கொண்டு திரும்ப நுழைய முடியாது. பக்கத்து நாட்டுக்கு ஒரு வாரம் போய்விட்டு வந்து சாமான் கட்டலாம் என்ற திட்டம் அங்கே நடக்காது. சிங்கப்பூரில் வேலை அனுமதியை நிறுவனம் ரத்து செய்ததும் வழக்கமாக 30 நாள் குறுகிய காலத் தங்கும் அனுமதி கிடைக்கும்.

இன்னும் எளிய வழி, மிச்சமிருக்கும் விடுமுறை நாட்களைக் கடைசியில் சேர்த்து எடுப்பது. விடுமுறைக் காலத்தில் நீங்கள் இன்னும் ஊழியர்தான்; அனுமதியும் மருத்துவக் காப்பீடும் பொதுவாகத் தொடரும். விடுமுறையைப் பணமாக்கிக்கொள்ளலாம் என்று அலுவலகம் சொன்னால், கையெழுத்துப் போடும் முன் இதையும் யோசியுங்கள்.

துணைவரின் அனுமதி என் அனுமதியைச் சார்ந்தது. தனியாக ஏதும் பார்க்க வேண்டுமா?

பார்க்கத்தான் வேண்டும். முதன்மை அனுமதி ரத்தானால் சார்ந்தவரின் அனுமதியும் அதோடு போகும். ஒருவர் முன்னதாக ஊர் போய் வீடு பார்க்கட்டும், மற்றவர் இருந்து முடித்துவிட்டு வரட்டும் என்று பிரிந்து திட்டமிடும் தம்பதிகள், முன்னால் போகிறவர் யார் என்பதை இதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். சார்ந்தவர் முன்னால் போவதுதான் சிக்கலில்லாதது.

வீட்டை வைத்துக்கொண்டு சுற்றுவதா, காலி செய்துவிட்டுக் கிளம்புவதா?

இரண்டும் கலந்ததே சரி என்பேன். சிறு பயணங்களுக்கு வீடு இருக்கட்டும். ஒரு நீண்ட பயணம் மனதில் இருந்தால் அது வீட்டைக் காலி செய்த பிறகு வரட்டும். ஆளில்லாத வீட்டுக்கு வாடகை கட்ட வேண்டாம். ஆனால் காலி செய்தவுடன் நேரே விமான நிலையத்துக்கு ஓடாதீர்கள். சாவி ஒப்படைக்கும்போது இருவரில் ஒருவராவது நேரில் இருந்து, ஒவ்வொரு அறையையும் படமெடுத்து, மின்சார மீட்டர் அளவைக் குறித்துக்கொண்டு, முன்பணத்தை எந்தக் கணக்குக்கு எப்போது தருவார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாட்டை விட்டுப் போனவருக்கு முன்பணம் திரும்புவது தாமதமாவது எங்கும் நடப்பதுதான்.

சாமான்களை எப்போது அனுப்புவது?

கப்பலில் அனுப்புவதானால், நீண்ட பயணத்துக்குக் கிளம்பும் முன்பே. இருபது அடி கன்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். இரண்டு பேர் சாமான் பெரும்பாலும் அதை நிரப்பாது. பலருடைய சரக்கோடு பகிர்ந்து அனுப்பும்போது, பெட்டி நிறையும் வரை காத்திருப்பதால் நாள் கூடும். விமானச் சரக்கில் எடையும் கன அளவும் இரண்டும் பார்க்கப்படும். ஒரு கன மீட்டர் இடம் பிடித்தால், சாமான் பஞ்சு போல இருந்தாலும் சுமார் 167 கிலோவுக்குக் கணக்கிடுவார்கள். போர்வை, தலையணை எல்லாம் அதனால்தான் விமானத்துக்கு ஆகாதவை.

திரும்பி வருபவரின் வீட்டுச் சாமானுக்குப் பல நாடுகள் சுங்கச் சலுகை தருகின்றன. எத்தனை வருடம் வெளியே இருந்திருக்க வேண்டும், நீங்கள் வந்து சேர்ந்து எத்தனை நாளுக்குள் சாமான் வர வேண்டும் என்று நிபந்தனைகள் இருக்கும். நடுவில் நீண்ட பயணம் வைத்தால் சாமான் உங்களுக்கு முன்னால் துறைமுகத்தில் போய் நிற்கும். அங்கே நிற்கும் ஒவ்வொரு நாளும் செலவு. கப்பல் தேதியையும் பயணத் தேதியையும் ஒரே தாளில் எழுதிப் பொருத்திப் பாருங்கள்.

கப்பலில் போகக் கூடாதவை: அசல் சான்றிதழ்கள், நகை, மருத்துவக் கோப்புகள், புகைப்படங்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க். இவை உங்களோடு கைப்பையில் வரட்டும். பவர் பேங்க் எப்போதும் விமானத்தின் கேபினில்தான். 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும்.

பயணக் காப்பீடு எடுக்கலாமா? அலுவலகக் காப்பீடு போதாதா?

அலுவலகக் காப்பீடு பெரும்பாலும் வேலையின் கடைசி நாளோடு, சில இடங்களில் அந்த மாதக் கடைசியோடு முடியும். அதற்குப் பிறகான பயணத்துக்குத் தனிக் காப்பீடு அவசியம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரணப் பயணக் காப்பீடுகள், வசிக்கும் நாட்டில் கிளம்பி அதே நாட்டுக்குத் திரும்பும் பயணத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நீங்கள் திரும்பப்போவதில்லை. ஆகவே ஒருவழிப் பயணத்துக்கான காப்பீடு என்று கேட்டே வாங்குங்கள். பயணத்தின் நடுவே உங்கள் ‘வசிக்கும் நாடு’ எது என்று அவர்கள் கொள்வார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். விபத்துக்குப் பிறகு எந்த நாட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்பது அதைப் பொறுத்தது.

டிக்கெட்டை எப்படி எடுப்பது? நேரே ஊருக்கா, வழியில் இறங்கியா?

எப்படியும் ஒருவழி டிக்கெட் எடுக்கப்போகிறீர்கள் என்பதால், வழியில் இறங்கிச் செல்வதற்கு இதைவிட நல்ல தருணம் வராது. இடையில் 24 மணி நேரத்துக்கு மேல் ஒரு ஊரில் நின்றால் விமானத் துறையில் அதை ஸ்டாப்ஓவர் என்பார்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு நிறுத்தம் வரை சேர்க்க முடிந்தால், தனித்தனியாக எடுப்பதைவிடப் பெட்டி எடை வரம்பும் பாதுகாப்பும் நன்றாக இருக்கும். ஒரு விமானம் தாமதமானால் அடுத்ததற்கு அவர்களே பொறுப்பு.

பெட்டி தொலைந்தால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி விமான நிறுவனத்தின் பொறுப்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரைதான்; 2024 டிசம்பர் 28 முதல் இந்த உச்சவரம்பு. குடும்பத்தின் பல வருடச் சேமிப்பை ஒரே பெட்டியில் போடாதிருக்க இதுவே போதுமான காரணம். இருவர் துணியையும் இரண்டு பெட்டிகளிலும் பிரித்து வையுங்கள்.

தொலைபேசி எண்ணையும் வங்கிக் கணக்கையும் உடனே மூடிவிடலாமா?

வேண்டாம். இந்த ஒரு பதிலை மட்டும் எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்கிறேன். திரும்பி வர வேண்டிய வரிப்பணம், வீட்டு முன்பணம், மின்சாரக் கணக்கின் மிச்சம், கடைசிச் சம்பளத்தின் பாக்கி எல்லாம் நீங்கள் போன பிறகுதான் வரும். அவற்றைப் பெற வங்கிக் கணக்கு வேண்டும். கணக்கைத் திறக்க ஓடிபி வேண்டும். ஓடிபி வர அந்த எண் உயிரோடு இருக்க வேண்டும். மாத ஒப்பந்தத்தைக் குறைந்த செலவுள்ள ப்ரீபெய்டாக மாற்றி, முடிந்தால் இ-சிம்மாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் வசிப்பவர் கணக்கு வைத்திருக்க வங்கி அனுமதிக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். அஞ்சலுக்கு நம்பிக்கையான ஒரு நண்பரின் முகவரியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பயணத்துக்குக் கிளம்பும் முன் வாங்கிவிட வேண்டிய தாள்களும் உண்டு: போலீஸ் நன்னடத்தைச் சான்று, பணி அனுபவச் சான்று, ஓய்வூதியக் கணக்கு எண், மருத்துவ, பல் மருத்துவப் பதிவுகள், வாகனக் காப்பீட்டில் இழப்பீடு கோராத வருடங்களுக்கான கடிதம். ஊரிலிருந்து இவற்றைத் தருவிப்பது மாதக்கணக்கில் இழுக்கும்.

அவருக்கு மலை ஏற ஆசை, எனக்கு ஒரே இடத்தில் உட்கார ஆசை. எப்படி ஒத்துப்போவது?

இது வெறும் ரசனை வேறுபாடாக இருந்தால் எளிது: ஒரு பயணம் உங்களுடையது, ஒரு பயணம் அவருடையது, மூன்றாவது இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது. அவரவர் பயணத்தில் அவரவர் சொல்வதே முடிவு. மற்றவர் முகம் சுளிக்காமல் கூட வர வேண்டும்.

பெரும்பாலும் அடியில் வேறொன்று இருக்கும். ஊர் திரும்பும் முடிவு இருவருக்கும் ஒரே அளவில் இனிப்பதில்லை. ஒருவர் மனதளவில் ஏற்கெனவே ஊரில் இருப்பார். மற்றவருக்கு இங்கே விட்டுப்போகும் வேலையும் தோழிகளும் சுதந்திரமும் தொண்டையை அடைக்கும். அப்படி இருக்கும்போது, ‘இன்னும் ஒரு இடம், இன்னும் ஒரு நாள்’ என்று நீட்டிக்கொண்டே போவது ஊர்சுற்றும் ஆசையால் மட்டும் வருவதாக இருக்காது. கிளம்ப மனமில்லை என்பதையும் அது சொல்கிறது. இதை வாய்விட்டுப் பேசாமல் பயணத் திட்டம் போட்டால், ரயில் நேரத்துக்கும் ஹோட்டல் அறைக்கும் நடக்கும் சண்டை உண்மையில் வேறு எதற்கோ நடக்கும். முதல் பயணத்துக்கு முன் ஒரு மாலையை ஒதுக்கி, எதை விட்டுப்போக வருத்தம், ஊரில் எதற்குப் பயம் என்று இருவரும் சொல்லிக்கொள்ளுங்கள். பதில் சொல்ல வேண்டியதில்லை, கேட்டால் போதும். எங்கள் பயணத்தில் மிகவும் உதவியது அந்தப் பேச்சுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

இன்னொரு யோசனை: தொடர்ந்து சுற்றும்போது வாரத்தில் ஒரு நாள் இருவரும் தனித்தனியாகக் கழியுங்கள். அவர் மலைக்குப் போகட்டும், நீங்கள் ஒரு நூலகத்தில் உட்காருங்கள். இரவுச் சாப்பாட்டின்போது இருவரிடமும் சொல்லக் கதை இருக்கும்.

உயரமான இடங்களுக்குப் போக விரும்புகிறோம். என்ன கவனம் வேண்டும்?

விடுமுறை குறைவு என்று அவசரமாக ஏறுவதுதான் ஆபத்து. 3,000 மீட்டருக்கு மேலே, இரவு தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கூடுதல் ஓய்வு நாள் வேண்டும். பெருவின் குஸ்கோ ஏறத்தாழ 3,400 மீட்டர். மச்சு பிச்சு அதைவிடக் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் தாழ்வு. அதனால் பலர் முதலில் கீழே உள்ள பள்ளத்தாக்கில் தங்கிவிட்டுப் பிறகு குஸ்கோவுக்கு ஏறுகிறார்கள். தலைவலியோ வாந்தியோ வந்தால் மேலே போகாதீர்கள். குறையவில்லையென்றாலோ கூடினாலோ கீழே இறங்குங்கள்.

தடுப்பூசியைப் பொறுத்தவரை, மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும். 2016 ஜூலை முதல் ஆயுள் முழுக்கச் செல்லுபடி. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா வழியாக ஊர் திரும்புபவர்களிடம் சொந்த நாட்டிலேயே இதைக் கேட்கக்கூடும். பயணத்தின் கடைசி நாடு எது என்பதோடு சேர்த்து இதைப் பாருங்கள்.

கார் ஓட்டிச் சுற்ற பன்னாட்டு உரிமம் எங்கே எடுப்பது?

எந்த நாட்டு ஓட்டுநர் உரிமமோ அந்த நாட்டில்தான். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி தரப்படுவது ஒரு வருடம் செல்லும். 1968 வியன்னா ஒப்பந்தப்படி தரப்படுவது அதிகபட்சம் மூன்று வருடம். ஜப்பான் முதல் வகையை மட்டுமே ஏற்கிறது. நாட்டை விட்டுக் கிளம்பும் முன் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் கால் வைக்கும் தேதியால் வரி மாறுமா?

மாறலாம். பல நாடுகள் ஒரு நிதியாண்டில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதை வைத்து வரிக்கான வசிப்பை முடிவு செய்கின்றன. நிதியாண்டும் ஒன்றுபோல் இல்லை: அமெரிக்காவில் ஜனவரி, இந்தியாவில் ஏப்ரல் 1, பிரிட்டனில் ஏப்ரல் 6, ஆஸ்திரேலியாவில் ஜூலை 1. சில வாரப் பயணத்தை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளினால் வித்தியாசம் வருமா என்று இரு நாட்டு விதியும் தெரிந்த கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

எங்களிடம் நாய் இருக்கிறது.

அப்படியானால் முதல் தேதி அதனுடையது. ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் போன்ற நாடுகள், பல நாடுகளிலிருந்து வரும் நாய்க்கு வெறிநோய் எதிர்ப்புச் சக்தி ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு 180 நாள் காத்திருக்கச் சொல்கின்றன. உங்கள் நாட்டு விதியைத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி மற்ற பயணங்களை வையுங்கள்.

குடியிருந்த ஊருக்கென்று தனியாக நாள் ஒதுக்க வேண்டுமா? தினமும் பார்த்த ஊர்தானே?

கண்டிப்பாக ஒதுக்குங்கள். கடைசி இரண்டு வாரமாவது எந்த ஊருக்கும் போகாமல் அங்கேயே இருங்கள்.

தினமும் பார்த்தது அலுவலகத்துக்கும் கடைக்கும் போன வழியைத்தான். பேருந்து எண் தெரியும், அது கடைசியாகப் போய் நிற்கும் இடம் தெரியாது. அங்கே போய் இறங்குங்கள். முதன்முதலில் குடியேறிய வீட்டுத் தெருவில் நடந்து பாருங்கள். மொழி தெரியாத நாட்களில் பொறுமையாகப் பேசிய மருந்துக்கடைக்காரர், பனியில் வழுக்கி விழுந்தபோது தூக்கிவிட்ட அடுத்த வீட்டுப் பெரியவர், வங்கிப் படிவம் நிரப்பித் தந்த அலுவலகத் தோழி ஆகியோரிடம் நேரில் போய் நன்றி சொல்லுங்கள். பெரிய விருந்து வைத்து ஒரே மாலையில் எல்லோரிடமும் விடைபெறுவது வசதிதான். ஆனால் அதில் யாரிடமும் ஐந்து நிமிடம் சேர்ந்து பேச முடிவதில்லை. இருவர் மூவராகச் சந்திப்பதே நிறைவு. அதற்குத்தான் இரண்டு வாரம் கேட்கிறேன்.

தூரத்துப் பயணங்களை முன்னால் வைத்து இதைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. கணக்கு மூடுவது, சாவி கொடுப்பது, பதிவு நீக்குவது எல்லாம் நேரில் செய்ய வேண்டியவை. நீண்ட பயணத்துக்கு வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்புகிறவர்கள், இந்த இரண்டு வாரத்தைக் கிளம்பும் முன் வைத்துக்கொள்ளுங்கள்.

பயணம் முடிந்து ஊர் வந்த பிறகு வெறுமையாக இருக்கிறது என்கிறார்களே?

உண்மைதான், பலருக்கு இருக்கும். 1955இல் லிஸ்கார்ட் என்ற நார்வே ஆய்வாளர், வெளிநாடு போனவர்களின் மனநிலை முதலில் உயர்ந்து, பிறகு தாழ்ந்து, மீண்டும் உயர்வதைக் காட்டினார். 1963இல் ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் இருவரும், ஊர் திரும்பிய பிறகு அதே ஏற்ற இறக்கம் இன்னொருமுறை வருகிறது என்று சேர்த்தார்கள். போகும்போது எல்லோரும் தயாராகப் போகிறார்கள். சொந்த ஊருக்குத்தானே என்று திரும்பும்போது யாரும் தயாராவதில்லை.

சுற்றுலாவின் மும்முரத்திலிருந்து நேரே வந்து இறங்கினால் அந்த இறக்கம் செங்குத்தாக இருக்கும். அதனால் பயணம் முடிந்து புது வேலையில் சேரும் வரை சில வாரம் இடைவெளி விடுங்கள்.

உறவினர்களிடம் வந்து சேரும் தேதியை எப்போது சொல்வது?

டிக்கெட் உறுதியான பிறகு. நடுவில் பயணம் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பெற்றோர் வயதானவர்களாகவோ உடல்நலம் குன்றியவர்களாகவோ இருந்தால் நீண்ட பயணத்தைச் சுருக்கி முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள். தேதி மாற்ற அனுமதிக்கும் டிக்கெட்டாகவும் எடுங்கள்.